சேமி என்றால் திருப்பி அனுப்பும் விக்கி

கேள்வி: புதுச்சேரித் தெருப் பெயர்களின் வரலாற்றைத் தொகுக்க நண்பர்கள் சேர்ந்து, வாடகை ஹோஸ்டிங்கில் மீடியாவிக்கி நிறுவியிருக்கிறோம். நிறுவும்போது சிக்கல் இல்லை. இப்போது 'சேமி' அழுத்தினால் செஷன் டேட்டா தொலைந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறது; மறுபடி அழுத்தினால் சில சமயம் ஏற்றுக்கொள்கிறது. எங்கோ படித்தபடி பிஎச்பி செஷன் கோப்புறைக்கு எழுதும் அனுமதி கொடுத்துப் பார்த்தோம், பயனில்லை. நீளமான ஒரு பக்கத்துக்கு மட்டும் '403' வருகிறது. தமிழும் பிரெஞ்சு எழுத்தும் ஒரே பக்கத்தில் கலப்பதால் வரும் கோளாறா?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: எழுத்துகள் மேல் பழி போடாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியா, பிரெஞ்சு விக்கிப்பீடியா இரண்டும் ஓடுவது இதே மென்பொருளில்தான்.

'சில சமயம் ஏற்றுக்கொள்கிறது' என்றீர்களே, துப்பு அங்கேதான் இருக்கிறது. தொகுப்புப் பெட்டி திறக்கும்போது விக்கி ஒரு ரகசிய டோக்கனைப் படிவத்துக்குள் ஒளித்து வைக்கும். அதைச் சரிபார்க்கத் தேவையான தகவல் உங்கள் செஷனில் இருக்கும். சேமிக்கும்போது இரண்டும் பொருந்த வேண்டும். வேறொரு தளம் உங்கள் பெயரில் படிவம் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கெடுபிடி. செஷன் கிடைக்காவிட்டால் உங்களையும் நம்பாது.

நிறுவும் பக்கங்கள்தான் பிஎச்பியின் செஷன் கோப்புறையை நம்பியிருப்பவை. நிறுவிய பிறகு விக்கி தன் சொந்தக் கேஷில் செஷனை வைக்கிறது; 2016-இல் வந்த 1.27 பதிப்பிலிருந்து இப்படித்தான். உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை அதற்கு முந்தைய காலத்தது. நிறுவும்போது ஏபிசியு நினைவகக் கேஷைத் தேர்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பகிர்வு ஹோஸ்டிங்கில் பல இடங்களில் ஒவ்வொரு பிஎச்பி ப்ராசஸுக்கும் அந்த நினைவகம் தனித்தனி. ஒரு கவுன்ட்டரில் கொடுத்த மனுவை அடுத்த கவுன்ட்டரில் விசாரித்தால் 'இங்கே வரவில்லையே' என்பார்கள் அல்லவா, அதே கதை.

லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் 'டபிள்யூஜி செஷன்கேஷ்டைப்' அமைப்புக்கு 'கேஷ்_டிபி' என்று மதிப்புக் கொடுங்கள். செஷன்கள் தரவுத்தளத்துக்குப் போய்விடும். எல்லோரும் ஒருமுறை மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கலாம். அப்படியும் தீராவிட்டால் 'டபிள்யூஜி சர்வர்' வரியில் உள்ள முகவரியும் பிரவுசரில் தெரியும் முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' இருந்து மற்றதில் இல்லாவிட்டாலும் குக்கி தவறிப்போகும்.

'403' விக்கி சொல்வதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் சர்வரின் காவல்காரரான மாட்செக்யூரிட்டி, பக்கத்தில் உள்ள அட்டவணைக் குறியீட்டையோ ஏதோ ஒரு சொல்லையோ தாக்குதல் என்று எண்ணித் தடுத்திருக்கும். தடுத்த நேரத்தைக் குறித்து ஹோஸ்டிங்காரரிடம் கொடுங்கள்; எந்த விதி தடுத்தது என்று லாக்கில் பார்த்து, அந்த விதிக்கு மட்டும் விலக்குத் தரட்டும். மொத்தமாக அணைக்கச் சொல்லாதீர்கள். அனுப்புவதற்கு முன் உரையை நோட்பேடில் நகலெடுத்து வைப்பது நல்லது.

தமிழ் எழுத்து நிஜமாகவே இடிக்கும் இடம் ஒன்று உண்டு: பக்கத் தலைப்பு. அதன் உச்ச அளவு 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் பிரெஞ்சின் உச்சரிப்புக்குறி எழுத்துக்கு 2 பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3. புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். பாரதி குடியிருந்த 'ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி'க்கே 78 பைட் ஆகிறது. அதனால் பழைய பெயர், புதிய பெயர், பிரெஞ்சுப் பெயர் மூன்றையும் ஒரே தலைப்பில் அடுக்காமல், ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை வழிமாற்றுப் பக்கங்களாகப் போடுங்கள்.