பெங்களூரு ஏரிகளும் பருவப் பறவைகளும்

நீர்நிலைகளின் பயனை அளவிடுவதற்குப் பொதுவாகக் கையாளப்படும் அளவுகோல்கள் மூன்று: தேங்கும் நீரின் கொள்ளளவு, பாசனம் பெறும் நிலத்தின் பரப்பு, மீன்பிடி உரிமையால் வரும் வருவாய். நகரமயமான பகுதிகளில் இம்மூன்றுமே பொருள் இழந்துவிட்டன. பாசன நிலம் வீட்டு மனைகளாக மாறிவிட்டது. நீர் குடிப்பதற்கு உகந்ததாக இல்லை. மீன் குத்தகையால் வரும் தொகையோ, ஏரி அமைந்துள்ள நிலத்தின் சந்தை மதிப்போடு ஒப்பிடத் தக்கதன்று. எனவே, நகர ஏரி ஒன்றைக் காப்பதற்கு நியாயம் உண்டா என்ற வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பெங்களூரு நகரின் ஏரிகளும், ஆண்டுதோறும் அவற்றை நாடி வரும் பறவைகளும் நல்லதொரு பாடமாக அமைகின்றன.

ஏரிகள் தோன்றிய வரலாறு

பெங்களூரு, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலம். இந்நகரின் ஊடே பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. மேட்டிலிருந்து நீர் இறங்கும் ஹெப்பாள், கோரமங்கலா–சல்லகட்டா, விருஷபாவதி ஆகிய பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரைகள் எழுப்பி, மழைநீரைத் தேக்கியே முன்னோர் வாழ்ந்தனர். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரியை அடையும். இவ்வாறு ஏரிகளை இணைக்கும் பெரிய வாய்க்கால்களுக்கு ராஜகாலுவே என்று பெயர். மதகைத் திறந்து நீரைப் பங்கிட்டுக் கொடுத்த ஊர்ப்பணியாளர் நீரகண்டி எனப்பட்டார்.

இந்த ஏரிகள் பழமை மிக்கவை. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகளில் ஏரி பற்றிய குறிப்பு உண்டு. 1537-இல் கெம்பே கௌடர் நகரை நிறுவிய பின்னரும் புதிய ஏரிகள் வெட்டப்பட்டன. 1882-இல் சாங்கி ஏரி அமைந்தது. 1894-இல் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குக் குழாய் நீர் வரத் தொடங்கியது. பின்னர் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974 முதல் காவிரித் திட்டமும் நகரின் தாகத்தைத் தணித்தன. தொலைவிலிருந்து நீர் வரத் தொடங்கியதும், அருகிலிருந்த ஏரியின் மதிப்பு மக்கள் கண்ணில் குறைந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கமும் உள்ளன.

இங்கு கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. பறவைகளின் பொருட்டு ஒருவரும் இந்த ஏரிகளை வெட்டவில்லை. உழவுக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் செய்த பணியின் உடன்விளைவாகவே பறவைகளுக்கு வாழிடம் கிடைத்தது. ஏரியின் பயன்பாடு மாறும்போது அந்த உடன்விளைவும் மாறிவிடுகிறது. இன்றைய சிக்கலின் வேர் இதுவே.

ஆண்டின் சுழற்சி

பெங்களூரில் தென்மேற்குப் பருவத்திலும், அதைத் தொடரும் வடகிழக்குப் பருவத்தின் தொடக்கத்திலும் மழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே மழை மிகுதி. ஆகவே ஏரிகள் ஆண்டின் இறுதியில் நிரம்பி, கோடை நெருங்கும்போது வற்றத் தொடங்கும். வலசைப் பறவைகளின் வருகையும் இச்சுழற்சியோடு பொருந்தி அமைகிறது.

ஆர்க்டிக் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை பரந்துள்ள வலசைப் பாதை, மத்திய ஆசியப் பறவைவழி எனப்படுகிறது. முப்பது நாடுகள் இதன்கண் அடங்கும். இவ்வழியே செப்டம்பர் முதல் உள்ளான்களும் வாலாட்டிகளும் வரத் தொடங்கும். அவற்றைத் தொடர்ந்து ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கிளுவை, தட்டைவாயன் ஆகிய வாத்தினங்கள் இறங்கும். வாத்துக் கூட்டங்களைத் தேடி நாணற் பரப்பின் மேல் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்தும் குளிர்கால விருந்தாளியே. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இவை வடக்கு நோக்கித் திரும்பிவிடும்.

ஆண்டு முழுவதும் தங்குவனவும் பல. முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நீர்க்காகம், மடையான், சாம்பல் நாரை ஆகியவற்றை எக்காலத்திலும் காணலாம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இரையின் பொருட்டு ஏரிக்கு ஏரி மாறுவன. இவை கூடு கட்டுவதற்குப் பெரிய மரங்களும், இரை தேடுவதற்குப் பரந்த நீர்ப்பரப்பும் தேவை. இரண்டும் ஓரிடத்தில் அமைய வேண்டும் என்பதில்லை. பறந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்தால் போதும். ஆதலால், ஓர் ஏரியை மட்டும் காத்துவிட்டு அண்டை ஏரிகளைக் கைவிடுவதால் பயன் விளையாது.

ஆழத்தின் கணக்கு

ஏரி ஒன்றில் எந்தப் பறவை தங்கும் என்பதைப் பெரும்பாலும் நீரின் ஆழமே தீர்மானிக்கிறது. சிற்றுள்ளான் ஈரச் சேற்றில் நடந்து புழு பூச்சிகளைக் கொத்துவது. அதற்கு விரற்கடை நீர் போதும். நெடுங்கால் உள்ளானுக்கு அதனினும் சற்று ஆழமான நீர் உகந்தது. நீரில் தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துகளுக்கு ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் ஏற்றது. முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஆழ்ந்த நீரில் மூழ்கி மீன் பிடிப்பன. இலைக்கோழி, மிதக்கும் இலைகளின் மேல் நடந்து இரை தேடுவது.

பழைய பாசன ஏரி, கரையின் பக்கம் ஆழமாகவும், நீர்வரத்துப் பக்கம் மெல்லச் சரிந்து சேறும் புல்லுமாகவும் இருக்கும். வற்றும் காலத்தில் நாள்தோறும் புதிய சேற்றுப் பட்டை ஒன்று வெளிப்படும். இந்த அமைப்பினால் எல்லா வகைப் பறவைகளுக்கும் ஒரே ஏரியில் இடம் கிடைத்தது.

ஏரிச் சீரமைப்பு என்ற பெயரில் மேற்கொள்ளப்படும் பணிகள் பல இவ்வமைப்பைக் குலைத்துவிடுகின்றன. ஏரி முழுவதையும் ஒரே ஆழத்திற்குத் தோண்டி, சுற்றிலும் செங்குத்தான கற்கரை எழுப்பி, அதன் மேல் நடைபாதையும் மின்விளக்கும் அமைப்பது வழக்கமாகிவிட்டது. கொள்ளளவு கூடுகிறது, காட்சியும் தூய்மையாகத் தோன்றுகிறது. ஆனால், உள்ளானுக்கு நிற்க இடமில்லை. வாத்துக்கு மேய்ச்சல் இல்லை. மறைந்து கூடு கட்ட நாணலும் இல்லை. செலவுக் கணக்கில் முழு வெற்றி பெற்ற திட்டம், உயிரினக் கணக்கில் தோல்வி அடைந்துவிடுகிறது.

கழிவுநீர் தரும் மயக்கம்

நகரில் பயன்படுத்தப்படும் நீரின் பெரும்பகுதி கழிவுநீராக மாறி ராஜகாலுவேக்களை அடைகிறது. மழையை மட்டும் நம்பியிருந்த ஏரிகள் பல, இன்று கழிவுநீரால் ஆண்டு முழுவதும் நிறைந்துள்ளன. இதன் தீய விளைவு நாடறிந்தது. நகரின் மிகப் பெரிய ஏரியாகிய பெள்ளந்தூர் ஏரியில் நுரை பொங்கியதும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியதும் செய்தியாயின. 2016 மார்ச் மாதத்தில் அல்சூர் ஏரியில் மீன்கள் பெருமளவில் மடிந்து மிதந்தன.

எனினும், மாசுற்ற ஏரியிலும் பறவைகள் திரளாகக் காணப்படுவதுண்டு. கழிவுநீரின் சத்துப்பொருள்களால் பெருகும் புழுக்களை நாடி நெடுங்கால் உள்ளான்கள் கூடும். செடிகள் அடர்ந்து வளர்வதால் நாமக்கோழியும் தாழைக்கோழியும் பெருகும். இதனைக் கண்டு ஏரி நலமாக உள்ளது என்று முடிவு செய்வது பிழை. மொத்த எண்ணிக்கை உயர்ந்தும் இனங்களின் வகை குறைந்தும் இருக்குமானால், அது நோயின் அறிகுறி. தேசிய வருமானம் உயர்ந்தும் பங்கீடு குறைபட்டிருக்கும் நாட்டின் நிலையோடு இதனை ஒப்பிடலாம். கூட்டுத்தொகை மட்டும் உண்மையைக் காட்டாது.

ஜக்கூர் ஏரி வேறொரு வழியைக் காட்டுகிறது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மை செய்யும் திறனோடு அங்கே ஒரு நிலையம் முதலில் அமைக்கப்பட்டது. சுத்திகரித்த நீர் நேரே ஏரியில் விழாமல், நாணலும் கோரையும் வளர்ந்த செயற்கைச் சதுப்பு நிலம் வழியே மெல்லக் கசிந்து செல்கிறது. எஞ்சிய சத்துப்பொருள்களில் ஒரு பகுதியைச் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. கூழைக்கடாக்களும் நாரைகளும் அங்கு கூடுகின்றன. மீனவர் குடும்பங்களுக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. கழிவாகக் கருதப்பட்ட ஒன்று வளமாக மாறுவதற்கு இஃது எடுத்துக்காட்டு. ஆயினும் நிலையத்தின் இயக்கத்தில் தளர்ச்சி ஏற்பட்டால் சதுப்பு நிலம் மட்டும் சுமை முழுவதையும் தாங்காது என்பதை மறத்தலாகாது.

பயனும் செலவும்

2023-இல் பருவமழை பொய்த்ததன் விளைவாக, 2024-இன் கோடையில் பெங்களூரில் கடும் நீர்ப்பற்றாக்குறை நிலவியது. அரசின் ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் 6,900 வறண்டுவிட்டதாக மாநில அரசு அப்போது தெரிவித்தது. சேறும் புல்லும் நிறைந்த ஏரி, மழைவெள்ளத்தைத் தாங்கி நிறுத்தி, நிலத்தடி நீரை வளர்க்கக் கூடியது. ஆனால் இப்பயனுக்குச் சந்தையில் விலை இல்லை. வெள்ளம் தடுக்கப்பட்டதற்கு யாரும் கட்டணம் செலுத்துவதில்லை. ஏரியை நிரவி மனையாக்கினால் வரும் ஆதாயமோ ஒரு சிலரைக் கைமேல் சென்றடைகிறது. ஆதாயம் சிலருக்கும் இழப்பு பலருக்கும் என்ற நிலையில், சந்தை தானாக ஏரியைக் காக்கும் என எதிர்பார்க்க இயலாது.

பலனைப் பங்கிட்டால் மக்களே காவலராவர் என்பதற்கு மாண்டியா மாவட்டத்தின் கொக்கரே பெள்ளூர் சான்று. அவ்வூரின் புளிய மரங்களில் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூடு கட்டுகின்றன. 1976-இல் வன அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹாள் இவ்வூரை வெளியுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். பறவைகளால் புளி விளைச்சலை இழக்கும் மர உரிமையாளர்களுக்கு வனத்துறை இழப்பீடு வழங்கி வந்துள்ளது. மரத்தடியில் சேரும் எச்சம் வயலுக்கு உரமாகிறது. 2007-இல் இவ்வூர் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலும், பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை உணர்ந்த உழவர்களே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தனர்.

சட்டமும் நிர்வாகமும்

ஈரநிலங்கள் பற்றிய உலக உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2 அன்று ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தாயிற்று. இந்தியா 1982-இல் இதில் இணைந்தது. சாலிம் அலியின் பரிந்துரையால் 1940-இல் சரணாலயமான ரங்கனதிட்டு, 2022-இல் கர்நாடகத்தின் முதல் ராம்சர் தலமாயிற்று.

பெங்களூரைப் பொறுத்தவரை, 1985-இல் அமைக்கப்பட்ட லட்சுமண ராவ் குழு, எஞ்சியுள்ள ஏரிகளை உடைக்கலாகாது எனப் பரிந்துரைத்தது. ஏரிகளின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் ஒன்று 2014-இல் இயற்றப்பட்டது. ஏரியைச் சுற்றி 75 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2019-இல் அதனை நீக்கியது. இடைவெளியின் அளவு பற்றிய இவ்வழக்கு, நகர நிலத்தின் விலை எவ்வளவு வலிமையானது என்பதைப் புலப்படுத்தும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டின் திருத்தம், அரசு நிலங்களைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்க வழி செய்தது. இதன்படி எலஹங்காவை அடுத்த புட்டேனஹள்ளி ஏரி 2015-இல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாயிற்று. அறிவிப்பு என்பது எல்லையைக் காக்கும். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நீரை அது காக்காது. நீரின் தரம், ஏரியின் கரைக்குள் அன்றி, மேலுள்ள குடியிருப்புகளின் சாக்கடையில் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே வனத்துறை, குடிநீர் வாரியம், மாநகராட்சி ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தின் கீழ் இயங்கினாலன்றி, காப்பகம் பெயரளவில் நின்றுவிடும்.

எண்ணிக்கை எடுக்கும் முறை

ஏரியின் நலத்தை அறியப் பறவைக் கணக்கெடுப்பு சிக்கனமான கருவி. 1987 முதல் ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. கல்லூரி மாணவர் மூவரும், ஓர் இருநோக்கியும், ஒரு குறிப்பேடும் இருந்தால் சிறிய ஏரி ஒன்றை ஒரு காலைப் பொழுதில் எண்ணி முடிக்கலாம். கதிரவன் எழுந்த பின் வெயில் ஏறுமுன் எண்ண வேண்டும். கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்பது நன்று. பெரிய கூட்டமாயின் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை மனத்தில் கொண்டு, கூட்டம் முழுவதும் அத்தகைய பகுதிகள் எத்தனை எனக் கணக்கிட வேண்டும். ஒவ்வோர் இனத்தையும் தனியே பதிவு செய்தல் இன்றியமையாதது. அதே இடம், அதே மாதம், அதே முறை என்ற ஒழுங்கு பல ஆண்டுகள் தொடர்ந்தால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும்.

செய்ய வேண்டியவை

ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒவ்வொன்றிலும், நீர்வரத்துப் பக்கத்துச் சரிவும் நாணற் பரப்பும் தோண்டப்படாமல் விடப்பட வேண்டும். நடைபாதை ஏரியை முழுவதும் சுற்றி வரத் தேவையில்லை; ஒரு பகுதியேனும் ஆள் நடமாட்டமும் இரவு விளக்கும் இன்றி அமைதல் வேண்டும். தூர் வாரும் பணியும் ஆகாயத்தாமரை அகற்றும் பணியும் வலசைக் காலத்தைத் தவிர்த்து நடைபெற வேண்டும். ஒப்பந்தப் பணி தொடங்குமுன் ஒரு கணக்கெடுப்பும், முடிந்து இரண்டு குளிர்காலம் கழிந்தபின் மற்றொன்றும் எடுக்கப்பட்டு, அவ்விரண்டும் பணிநிறைவு அறிக்கையில் இடம்பெறுதல் நலம். இவற்றிற்குக் கூடுதல் நிதி மிகுதியாகத் தேவையில்லை. தோண்டாமல் விடுவதால் செலவு குறையவும் கூடும்.

இமயத்தைக் கடந்து வரும் பறவை, தான் இறங்கும் ஏரி எந்தத் துறைக்கு உரியது என்பதை அறியாது. அதற்குத் தேவை, சரிவான கரையும், சில சாண் நீரும், சேற்றில் சிறிது இரையுமே. அவை உள்ள ஏரி, நகர மக்களுக்கு வேண்டிய நீரையும் தாங்கி நிற்கும். அவை இல்லாத ஏரி, கரை கட்டிய வெறும் தொட்டியாகவே எஞ்சும்.