பிரேக்கு மிதி சொல்லும் செய்தி

தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே சுவர்போல் நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. அச்சுவரில் பாலக்காட்டருகே ஒரு வாயில் உண்டு. வாளையாறு வழியாகச் செல்லும் மோட்டார் வண்டி, மலை ஏறாமலே மலைத்தொடரைக் கடந்துவிடும். தெற்கே இடுக்கி எல்லையில் அத்தகைய வாயில் இல்லை. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு வரும் வண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்கியாக வேண்டும். வீட்டு முற்றத்தில் தாமே பிரேக்கைப் பழுது பார்க்கும் மாணவர் இவ்வேறுபாட்டை அறிதல் நன்று. சமதளத்தில் நின்ற வண்டி மலையிறக்கத்திலும் நிற்கும் என்பது உறுதியன்று.

காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது குழாயில் அடைபட்ட நீர்மம். அடைபட்ட நீர்மத்தில் கொடுத்த அழுத்தம் எப்பக்கமும் குறையாது பரவும் என்னும் பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. நீர்மம் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். இந்த ஓர் உண்மையைக் கொண்டே பல பழுதுகளை மிதியின் வாயிலாக அறியலாம்.

புதுப் பேடு மாட்டியபின் முதல் மிதியில் கால் தரையைத் தொடுகிறதா? பேடு மாட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளினோம் அல்லவா? அது திரும்பி வரவில்லை என்பதே பொருள். வண்டியை நகர்த்துமுன் பலமுறை மிதித்தால் மிதி மேலே வந்துவிடும்.

மிதி பஞ்சுபோல் அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டும். எத்தனை முறை எடுத்தும் தீரவில்லையெனில், காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காற்றெடுக்கும் திருகு கீழ்ப்பக்கம் அமைந்துவிட்டால், மேலே தங்கும் காற்று வெளியேற வழியில்லை.

இரண்டு மூன்று முறை மிதித்ததும் மிதி உயர்ந்து கெட்டியாகிறதா? பெரும்பாலும் பின்சக்கர டிரம்மில் ஷூவின் இடைவெளி அதிகம். அழுத்திப் பிடிக்கையில் மிதி மெல்ல மெல்ல இறங்குகிறதா? எங்கோ கசிவு இருக்கிறது. வெளியே ஈரம் இல்லையெனில் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் கெட்டிருக்கலாம்.

மிதி கல்போல் இருந்தும் வண்டி நிற்கவில்லையா? காலுக்குத் துணைபுரியும் வெற்றிடக் கருவியின் குழாய் கழன்றதா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கினால் மிதி சிறிது கீழிறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்றெண்ணி எஞ்சினை அணைத்து மலையிறங்குவோர் இத்துணையைத் தாமே இழக்கின்றனர்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். நம்மவர் 'பிரேக் ஆயில்' என்று சொல்வது எஞ்சின் ஆயிலைப் போன்ற எண்ணெயன்று. பெரும்பாலான கார்களில் அது கிளைக்கால் வகை நீர்மம். ஆயில் என்ற சொல்லை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இனி மலைக்கு வருவோம். 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய 98 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 20 டிகிரியிலுள்ள 29 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஏற்கும். மீதியைப் பிரேக்குகளே வெப்பமாகத் தாங்க வேண்டும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடு வரையேனும் கொதிக்கலாகாது என்பது விதி. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அவ்வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப்போல் அமுங்கும். காலையில் முற்றத்தில் கெட்டியாக இருந்த மிதி, பத்தாவது வளைவில் பஞ்சாவது இதனால்தான்.

ஆகவே சோதனையை வரிசையாகச் செய்க. நின்ற வண்டியில் ஒரு நிமிடம் மிதியை அழுத்திப் பிடித்து, நான்கு சக்கரங்களிலும் கசிவு பார்க்க. பின்பு முற்றத்தில் நடை வேகத்திலும், அடுத்து ஆளரவமற்ற சமதளச் சாலையிலும் நிறுத்திப் பார்க்க. ஒருபக்கம் இழுத்தால் பேடில் கிரீஸ் பட்டதா, காலிப்பர் இறுகியதா என ஆராய்க. ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடானால் அங்கே பிரேக்கு விடுபடவில்லை. ஐயம் தீராதவரை வண்டியை எடுக்காது, மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே அறிவுடைமை.

மலையிறங்கும்போது தாழ்ந்த கியரில் செல்க. மிதி தளர்வதாகத் தோன்றினால், உடனே மேலும் கீழ்க் கியருக்கு மாற்றி, விட்டு விட்டு மிதித்து, கைப்பிரேக்கைச் சிறுகச் சிறுக இழுத்து, பள்ளத்தின் பக்கம் போகாது மலையை ஒட்டி நிறுத்துக. தண்ணீர் ஊற்றாது தானாக ஆற விடுக. பழுது பார்ப்பவனின் கை தேர்ந்ததாக இருக்கலாம்; ஆனால் அந்த வேலைக்குத் தேர்வு வைப்பது மலைப்பாதை. அத்தேர்வில் தோற்றவர் மறுபடி எழுத இயலாது.