வீட்டுத் தோட்டத்து அந்துப்பூச்சிகள்: பிடிப்பதும் இனம் காண்பதும்

அந்தி சாய்ந்து திண்ணையில் விளக்கேற்றியதும் பூச்சிகள் அதைச் சுற்றி வட்டமிடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். விட்டில் என்று பொதுப்பெயர் சொல்லி, காலையில் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிடுகிறோம். அவற்றுள் எது நம் வெண்டைக்குப் பகை, எது எவருக்கும் தீங்கற்றது என்று ஆராய்வதில்லை. அந்த ஆராய்ச்சியே இம்மாதப் பாடம். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு விளக்கும், ஒரு வெள்ளை வேட்டியும், சிறிது பொறுமையும் போதும்.

அறியாமையால் நேரும் நஷ்டத்திற்கு நம் அனுபவத்தையே முதலில் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுக் கொல்லையில் நின்ற மாதுளையில், பழங்கள் பழுக்கும் தறுவாயில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒவ்வொரு பழத்திலும் குண்டூசி குத்தியது போன்ற ஒரு துளை. அதைச் சுற்றி அழுகல். அறுத்துப் பார்த்தோம், உள்ளே புழு இல்லை. ஆயினும், ஏதோ பூச்சிதானே என்று மருந்து வாங்கி, மரம் நனைய இருமுறை தெளித்தோம். பழம் உதிர்வது நிற்கவில்லை. பூவிற்கு வந்த தேனீக்கள் மாத்திரம் மரத்தடியில் செத்துக் கிடந்தன.

பிறகு ஒரு நாள் இரவு கைவிளக்குடன் மரத்தடிக்குச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. உள்ளங்கையை நிறைக்கும் அளவுள்ள ஓர் அந்துப்பூச்சி பழத்தின்மீது அமர்ந்து, தன் உறிஞ்சு குழலைத் தோலுக்குள் செலுத்திச் சாறு குடித்துக்கொண்டிருந்தது. அதன் முன் இறக்கை காய்ந்த சருகின் நிறம். பின் இறக்கை செம்மஞ்சள், அதன் நடுவே ஒரு கரும்பொட்டு. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி என்பது இதுவே. இதன் புழு மாதுளையைத் தொடுவதில்லை. வேலியில் படரும் சீந்திற்கொடியின் இலையைத் தின்று வளர்கிறது. நாம் மரத்திற்குத் தெளித்த மருந்து அப்புழுவை எவ்வாறு சென்றடையும்? அடுத்த பருவத்தில் வேலியிலிருந்த கொடியைக் களைந்து, பழங்களுக்குத் துணிப்பை கட்டினோம். பழம் தங்கியது. முந்திய பருவத்தில் மருந்தின் விலையும் தேனீயும் பழமும் ஒருங்கே போனதற்குக் காரணம், பகைவனின் பெயர் நமக்குத் தெரியாமற் போனதே.

அந்துப்பூச்சியின் இயல்பு

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. இரண்டின் இறக்கையிலும் மாவு போன்ற செதில்கள் உண்டு. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குண்டாந்தடி போல் பருத்திருக்கும். அந்துப்பூச்சியின் உணர்கொம்பு நூல் போலவோ, இறகு போலவோ இருக்கும். அமரும்போது அந்துப்பூச்சிகளுள் பெரும்பாலானவை இறக்கைகளைக் கூரை போலச் சாய்த்தோ, தட்டையாக விரித்தோ வைத்துக்கொள்ளும்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்னும் நான்கு பருவங்களுள் பயிரைத் தின்பது பெரும்பாலும் புழுவே. பட்டுப்புழு வளர்ப்போர் இதை நன்கு அறிவர். புழு மல்பெரி இலையை ஓயாது தின்னும். கூட்டைவிட்டு வெளிவரும் பட்டு அந்துவோ எதையும் உண்ணாது, முட்டையிட்டு மடியும். நம் தோட்டத்து அந்துகள் பலவும் பூந்தேனைக் குடித்து உலவுபவையே. இன்றிரவு அவை இடும் முட்டை, சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நாட்களில் பொரிந்து புழுவாகும். எனவே, விளக்கிற்கு வந்த பூச்சியை இனம் கண்டவர்க்குச் சேதம் நேருமுன் சில நாள் அவகாசம் கிடைக்கிறது.

பொறி அமைக்கும் முறை

முதலாவது, விரிப்பு முறை. நம் தறியில் நெய்த வெள்ளை வேட்டி ஒன்றை இரு கழிகளுக்கிடையே கட்டி, அதன் முன் விளக்கைத் தொங்கவிடுக. பூச்சிகள் துணியில் வந்தமரும். வாயகன்ற கண்ணாடிப் புட்டியால் மெல்ல மூடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தீங்கற்றவற்றை விட்டுவிடலாம். அமாவாசையை ஒட்டிய இருள் நாட்களும், காற்றில்லாத புழுக்கமான இரவுகளும் இதற்கு ஏற்றவை. முழுநிலவு நாளில் வரவு குறையும்.

இரண்டாவது, வாளி முறை. ஒரு வாளியின் வாயில் புனல் பொருத்தி, புனலுக்கு மேலே விளக்கை அமைத்து, உள்ளே முட்டை அடுக்கும் காகித அட்டைகளை இடுக. பூச்சிகள் அட்டையின் குழிகளில் ஒடுங்கிக் காலைவரை உயிரோடிருக்கும். மின்விளக்காயின் மழைநீர் படாதவாறு மூடி அமைத்தல் அவசியம்.

மூன்றாவது, வெல்ல முறை. வெல்லத்தையும் கனிந்த வாழைப்பழத்தையும் பிசைந்து புளிக்கவைத்து, அந்தியில் மரத்தண்டில் பூசுக. விளக்கை நாடாத சில இனங்களும் இதை நாடி வரும்.

நான்காவது, இனக்கவர்ச்சிப் பொறி. இதன் வரலாறு பட்டு நெய்வோர்க்குப் பெருமை தருவது. பெண் அந்து வெளியிடும் மணத்தை நாடி ஆண் அந்து வருகிறது. அம்மணப் பொருள் யாதென்று முதன்முதல் கண்டறியப்பட்டது பட்டு அந்துவிடத்திலேதான். ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ஃப் பூட்டெனான்ட் குழுவினர் ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டு அந்துகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வழியில் தோன்றிய கவர்ச்சிக் குப்பிகள் இன்று காய்ப்புழு முதலிய பல இனங்களுக்குத் தனித்தனியே கிடைக்கின்றன. ஒரு குப்பி ஓர் இனத்தின் ஆணையே அழைக்கும். ஆதலால் இனம் காணாதவர்க்கு எக்குப்பி வாங்குவது என்பதே தெரியாது.

இனம் காணும் வகை

வெண்டையும் பருத்தியும் உள்ள இடத்தில், விரல் நகத்தளவே நீளமுள்ள ஒரு சிறு பூச்சி வரும். வெளிறிய முன் இறக்கையின் நடுவே பச்சைப் பட்டை ஓடினாலும், இறக்கை முழுவதும் பச்சையாயிருந்தாலும், அது புள்ளிக்காய்ப்புழுவின் தாய். வாடிய குருத்தையும் துளைபட்ட காயையும் கிள்ளி அழித்தல் முதல் வேலை.

பருத்த உடலும், மங்கிய மஞ்சட்பழுப்பு முன் இறக்கையும், வெளிறிய பின் இறக்கையின் ஓரத்தில் புகை படிந்தாற்போன்ற கரிய பட்டையும் உடையது பச்சைக்காய்ப்புழுவின் தாய். தக்காளி, துவரை, பருத்தி மூன்றிற்கும் இது பகை. முட்டைகளைத் தனித்தனியே இளந்தளிரிலும் பூவிலும் இடும்.

பழுப்பு முன் இறக்கையில் வெளிர்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, பின் இறக்கை வெண்மையாயிருப்பின், அது புரோடீனியா எனப்படும் வெட்டுப்புழுவின் தாய். இது முட்டைகளைக் குவியலாக இட்டு, பழுப்பு மயிரால் மூடிவைக்கும். தோட்ட ஓரத்தில் ஆமணக்கை நட்டால் அதன் இலையில் வந்து முட்டையிடும். அவ்விலையைக் கிள்ளி எரித்தால் பல நூறு புழுக்கள் ஒருங்கே அழியும்.

கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவின் தாய், வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுக்கள் உடைய சிறு பூச்சி. இது விளக்கிற்கு அதிகம் வருவதில்லை. இதற்கு இனக்கவர்ச்சிப் பொறியே தக்கது.

இனி, நாம் காரணமின்றி அஞ்சும் ஒன்று. பெருத்த உடலும், முதுகில் மண்டையோடு போன்ற குறியும் உடைய அந்து ஒன்று உண்டு. பிடித்தால் கீச்சென்று ஒலிக்கும். சாவுக்குறி என்று அஞ்சுவோர் உளர். அது எள்ளிலும் கத்தரிக் குடும்பத்துச் செடிகளிலும் புழுவாய் வளர்ந்த சாதாரணப் பூச்சியே. தேன்கூட்டில் நுழைந்து தேன் திருடும் என்பதொன்றே தேனீ வளர்ப்போர் கவனிக்கத் தக்கது. அரளியில் வளரும் பச்சைநிறப் பருந்து அந்து அதன் உறவினம். இக்குடும்பத்து அந்துகள் இரவில் பூக்கும் மலர்களுக்கு மகரந்தம் சுமக்கின்றன. இவற்றைக் கண்டவுடன் அடித்தல் ஆகாது.

நெசவாளர்க்கு ஒரு குறிப்பு. கம்பளியையும் பட்டையும் அரிக்கும் துணி அந்து விளக்கை நாடாது; இருளையே நாடும். அதைக் காண விளக்குப்பொறி உதவாது. சரக்கறையை மாதமொருமுறை திறந்து, மடிப்பை உதறி, வெயில் காட்டுவதே தக்க வழி.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

விளக்குப்பொறி ஒற்றனேயன்றிப் படையன்று என்பதை நாம் மறக்கலாகாது. வந்த பூச்சிகளுள் பல, வருமுன்னரே முட்டையிட்டிருக்கும். இரவு முழுவதும் விளக்கெரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். ஆகையால் பத்து மணியளவில் அணைத்துவிடுக. ஒரு வீட்டில் மட்டும் விளக்கெரிந்தால், அடுத்த வயலின் பூச்சியும் அங்கே வந்து சேரும்.

மானாவாரி நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவிடம் இவ்வுண்மை நன்கு விளங்கும். அதன் கூட்டுப்புழு மாதக்கணக்கில் மண்ணுள் உறங்கிக் கிடக்கும். கனத்த மழை பெய்த ஓரிரு நாட்களில், வெள்ளை இறக்கையில் பழுப்புக் கீற்றுகளும் முன்னோரத்தில் மஞ்சட்கோடும் உடைய அந்துகள் கூட்டமாக வெளிவரும். ஒரு பெண் அந்து பல நூறு முட்டைகள் இடும். அந்தச் சில இரவுகளில் ஊரார் அனைவரும் ஒருங்கே விளக்குப்பொறி வைத்தால், இட இருந்த முட்டைகளிற் பெரும்பங்கைத் தடுக்கலாம். ஒருவர் மட்டும் வைத்துப் பயனில்லை. புழு பெரிதாகி வயலுக்கு வயல் சாரைசாரையாக நடக்கத் தொடங்கிய பின், செலவு பன்மடங்காகும். ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ நாம் சங்கம் வைத்திருக்கிறோம்!

இம்மாதப் பயிற்சி

வரும் அமாவாசையை ஒட்டிய மூன்று இரவுகளில், ஒவ்வோர் அங்கத்தினரும் தம் தோட்டத்தில் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை விரிப்பு முறையைக் கைக்கொள்க. ஒரு குறிப்பேட்டில் தேதி, மழை உண்டா இல்லையா, வந்த பூச்சியின் அளவு, முன் இறக்கை நிறம், பின் இறக்கை நிறம், எண்ணிக்கை, தோட்டத்திலுள்ள பயிர் ஆகியவற்றை எழுதுக. பெயர் தெரியாதவற்றைப் புட்டியில் இட்டு அடுத்த கூட்டத்திற்குக் கொணர்க. அனைவரும் கூடிப் பார்ப்போம். குழந்தைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்; நம்மினும் கூர்மையான கண் அவர்களுக்கு உண்டு.

குறிப்பேடுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, எப்பூச்சி எம்மாதத்தில் நம் ஊருக்கு வருகிறது என்பது புலனாகும். மருந்துப் புட்டியைத் திறக்குமுன் அந்த ஏட்டைத் திறப்பதை வழக்கமாக்கிக் கொள்வோம்.