யாரோடு சண்டையோ அவரோடு கையெழுத்து

அன்புள்ள இளமதி,

உன் கடிதம் கிடைத்தது. தனிநாடு கேட்டுத் துப்பாக்கி தூக்கியவர்களும் அவர்களை அடக்கப் படை அனுப்பிய அரசும் உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சு நிலைத்த இடம் எங்கேயாவது உண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு. நம் நாட்டுக்குள்ளேயே உண்டு, மிசோரத்தில். உன் பாடப் புத்தகத்தில் அது இரண்டு வரியில் முடிந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விவகாரம் மூங்கிலில் தொடங்குகிறது. மிசோ மலைகளை மூடியிருக்கும் ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துக் காய்த்து மடியும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயலில் இறங்கிக் கதிரை அழிக்கும். பின்னாலேயே பஞ்சம். 'மவ்தாம்' என்பார்கள் மிசோக்கள். 1911-12இல் வந்தது 1959 வாக்கில் மறுபடி வரும் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு மிசோ மலைகள் அசாமின் ஒரு மாவட்டம். மாவட்டக் கவுன்சில் 1958இலேயே தீர்மானம் போட்டு, முன்னேற்பாட்டுக்கு 15 லட்சம் ரூபாய் கேட்டது. மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று அசாம் அரசு அதைத் தள்ளிவிட்டது. மூங்கில் பூத்தது, பஞ்சமும் வந்தது.

இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பிய லால்டெங்கா அப்போது மிசோ தேசியப் பஞ்ச முன்னணியைத் தொடங்கினார். அதன் இளைஞர்கள் தொலைதூரக் கிராமங்களுக்கு அரிசி கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அரசு வராத ஊருக்கு அவர்கள் வந்தார்கள் என்பதை ஜனங்கள் மறக்கவில்லை. 1960இல் அசாமிய மொழியை மாநில ஆட்சிமொழி ஆக்கிச் சட்டம் வந்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆனது. 1961 அக்டோபரில் பெயரில் இருந்த 'பஞ்சம்' போய், அது மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. தனிநாடு என்பது குறிக்கோள் ஆயிற்று. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஆயுதம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்நியன் தூண்டிவிட்டான் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடாதே. தூண்டுகிறவன் கையில் கிடைத்த கோபம் நாமே கொடுத்தது.

1966 பிப்ரவரி 28 இரவு முன்னணியினர் அரசு நிலைகளைத் தாக்கினார்கள். மறுநாள் சுதந்திரப் பிரகடனம். மார்ச் 5ஆம் தேதி இந்திய விமானப்படை ஐஸால் ஊர்மேல் குண்டு போட்டது. சொந்தக் குடிமக்கள் வாழ்ந்த ஊர் அது.

அதைவிட ஆழமான காயம் அடுத்த ஆண்டு தொடங்கியது. கெரில்லாக்களுக்குச் சோறும் தகவலும் கிடைக்கக்கூடாது என்பதற்காக, 500-க்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்து, ஜனங்களைச் சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். சுற்றிலும் வேலி, இரவில் ஊரடங்கு. மலைச்சரிவில் காடு திருத்தி விதைப்பவர்களுக்கு நிலம் எட்டாத தூரமாகிவிட்டது; சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசியை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை. டார்சோ என்ற கிராமத்தைக் காலி செய்த இராணுவ அதிகாரி ஒருவர் பின்னாளில் சொன்னது, மிசோரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த விஜேந்திர சிங் ஜாஃபாவின் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஊருக்குத் தீ வைக்கச் சொன்னபோது மக்கள் யாரும் கையை நீட்டவில்லை. சிப்பாய்களே வைத்தார்கள். எரிந்து முடிந்ததும் ஊர்த் தலைவரை மிரட்டி, நாங்களாகவே வந்தோம், எங்கள் வீட்டை நாங்களே கொளுத்தினோம் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இப்படி வாங்கிய கையெழுத்தும் ஒரு கையெழுத்துதான். 1986 சமாதான ஒப்பந்தத்தின் கையெழுத்தைப் பற்றி எழுதப்போகிறேன், அப்போது இதையும் நினைத்துக்கொள்.

மறுபக்கத்தின் கையும் சுத்தமில்லை. காட்டிக்கொடுத்தார் என்ற சந்தேகத்தின் பேரில் முன்னணியினர் சொந்த இனத்தவரையே கொன்றார்கள். 1975 ஜனவரியில் ஐஸால் காவல்துறைத் தலைமையகத்துக்குள்ளேயே நுழைந்து மூன்று உயர் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

இருபது ஆண்டு இப்படிப் போன மண்ணில் பேச்சுக்கு வழி எப்படித் திறந்தது? திறந்து வைத்தவர்கள் இருந்தார்கள். மிசோக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் சபைகள் வன்முறையைக் கண்டித்தன; கண்டித்தபின் விலகிக்கொள்ளாமல், இருதரப்பையும் பேசவைக்கத் தூது போயின. ஜைரேமா போன்ற போதகர்கள் இதில் முன் நின்றார்கள். இந்திய இராணுவத்தில் பிரிகேடியராக ஓய்வு பெற்ற சைலோ 1974இல் மனித உரிமைக் குழு அமைத்து, தாம் பணியாற்றிய அதே இராணுவத்தின் அத்துமீறல்களைத் திரட்டி எழுத்தில் வைத்தார். துப்பாக்கி தூக்காமலும் நியாயம் கேட்கலாம் என்று ஜனங்கள் அப்போதுதான் கண்ணால் கண்டார்கள். பிற்பாடு அவரை முதலமைச்சராகவும் ஆக்கினார்கள். சமாதானத்தின் வரலாற்றில் இவர்களைத்தான் நான் முதலில் வைப்பேன்.

பேச்சு பலமுறை முறிந்தது. 1976இல் ஓர் உடன்பாடு வந்து நிற்காமல் போனது. 1982இல் மறுபடி முறிந்தது, லால்டெங்கா லண்டன் போனார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சந்திப்பதாக இருந்தது. அன்று காலைதான் அவர் சுடப்பட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ராஜீவ் காந்தி விடவில்லை. 1986 ஜூன் 30 அன்று புது தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

தனிநாடு கிடைக்கவில்லை. அண்டை மாநிலங்களில் மிசோ இனத்தவர் வாழும் பகுதிகளையும் சேர்த்துத் தரும் கோரிக்கையும் நிறைவேறவில்லை. கிடைத்தவை: ஒன்று, தனி மாநிலம்; மற்றது, மிசோக்களின் சமய, சமூக வழக்கம், மரபுச் சட்டம், நில உரிமை ஆகியவற்றில் மாநிலச் சட்டமன்றம் ஒப்பாமல் நாடாளுமன்றச் சட்டம் செல்லாது என்ற காப்பு. அரசியல் சட்டத்தின் 371-ஜி பிரிவு அதுதான்.

ஆனால் காகிதத்தில் இருந்ததைவிடப் பெரிய காரியம் வெளியே நடந்தது. அப்போது முதலமைச்சர் காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா. தேர்தலில் ஜெயித்து வந்தவர். அவர் பதவியை விட்டு இறங்கி, நேற்றுவரை தேடப்பட்டவரான லால்டெங்காவை முதலமைச்சராக ஏற்று, அவருக்குக் கீழே துணை முதலமைச்சராக உட்கார்ந்தார். 1986 ஆகஸ்டில் நடந்தது இது. நம் அரசியலில் ஒரு வாரியத் தலைவர் பதவியை விடுவதற்கே என்ன பாடு என்று உனக்குத் தெரியும். காட்டிலிருந்து வந்து ஆயுதத்தைக் கீழே வைத்த பையன்கள், தாங்கள் தோற்று வரவில்லை என்பதை அந்த ஒரு காரியத்தால்தான் நம்பினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1987 பிப்ரவரி 20 அன்று மாநிலம் பிறந்தது. இரண்டாண்டு முடிவதற்குள் கட்சித் தாவலில் லால்டெங்கா ஆட்சி கவிழ்ந்தது. மனத்தாங்கலுக்குக் காரணம் நிறைய இருந்தது. ஆனால் யாரும் காட்டுக்குத் திரும்பவில்லை. 1989 தேர்தலில் முன்னணி தோற்றது, 1990இல் லால்டெங்கா காலமானார். அவரது நெருங்கிய துணைவர் ஜோரம்தங்கா 1998இல் வாக்குப்பெட்டி வழியாகவே முதலமைச்சர் ஆனார்.

இதையே நாகாலாந்தோடு ஒப்பிட்டுப் பார். அங்கேயும் தனி மாநிலம் கொடுத்தார்கள், 371-ஏ என்று ஏறக்குறைய இதே காப்பும் கொடுத்தார்கள். ஆனால் 1960இல் ஒப்பந்தம் போட்டது சண்டையில் இல்லாத நாகா மிதவாதிகளோடு. நாகா கிளர்ச்சித் தலைவர் பிசோவும் அவர் ஆட்களும் அதில் இல்லை, சண்டையும் ஓயவில்லை. இலங்கைத் தமிழர் சிக்கலுக்காக 1987 ஜூலையில் கொழும்பில் கையெழுத்திட்டவர்கள் இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசாங்கங்கள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் கையெழுத்திடவில்லை. அடுத்து என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியும்.

மிசோரத்தை முழு வெற்றி என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே வாழும் ப்ரூ மக்கள் தங்களுக்கென்று தன்னாட்சிக் கவுன்சில் கேட்டபோது, 1997இல் இனக் கலவரம் வெடித்து 30,000-க்கும் மேற்பட்டோர் திரிபுராவுக்கு ஓடினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் முகாமில் கிடந்தார்கள். 2020 ஜனவரியில்தான், திரிபுராவிலேயே குடியமர்த்துவது என்று ஒப்பந்தமானது. தங்களைக் கேட்காத பெரும்பான்மையோடு போராடியவர்கள், தங்களுக்குள் இருந்த சிறுபான்மையைக் கேட்கவில்லை. இது ஏன் இப்படி நேர்கிறது என்பதைத்தான் நீ அடுத்து ஆராய வேண்டும். 1986 ஒப்பந்தம் சில பக்கம்தான், முழுவதும் படித்துவிடு. படிக்கும்போது அதில் ப்ரூக்களும், அங்குள்ள இன்னொரு சிறுபான்மையினரான சக்மாக்களும் எங்கே வருகிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மாமா