சின்னச் சொல்லில் இருக்கிறது பெரிய பணம்



இன்று மளிகைக் கடைக்கு வரும் கடிதமும் குறுஞ்செய்தியும் பாதிக்கு மேல் ஆங்கிலமாகவே இருக்கின்றன. கம்பெனிப் பிரதிநிதி, வட மாநிலத்துப் பருப்பு மில்காரர், வங்கி அலுவலர், வரி ஆலோசகர் எல்லோரும் ஆங்கிலம் கலந்தே பேசுகிறார்கள். பள்ளிப் படிப்போடு கல்லாவில் வந்து உட்கார்ந்த நம்மில் பலருக்கு இன்வாய்ஸ், டிஸ்கவுண்ட், டெலிவரி போன்ற பெரிய சொற்களால் தொல்லை இல்லை. தொல்லை தருபவை 'பே', 'புட்', 'கால்', 'ரைட்' போன்ற சின்னச் சொற்கள்தாம். இவற்றின் பின்னே 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'பேக்' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டால் பொருளே வேறாகிவிடுகிறது. இவற்றை ஆங்கில இலக்கணத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்பார்கள். நாம் கூட்டுவினை என்று வைத்துக்கொள்வோம்.

இது புரியவில்லையே என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 1755-ல் லண்டனில் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, அயல்நாட்டார் மிகவும் சிரமப்படும் இடம் இதுதான் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

நம் தமிழிலும் இது உண்டு. 'விடு' என்பதும் 'கொடு' என்பதும் தெரிந்த வெளிமாநிலத்தார் ஒருவர் 'விட்டுக்கொடு' என்ற சொல்லைக் கேட்டால், எதை விடுவது, யாருக்குக் கொடுப்பது என்றுதான் விழிப்பார். 'தள்ளு' என்றால் ஒன்று. 'தள்ளிப்போடு' என்றால் இன்னொன்று. 'தள்ளுபடி' என்றால் மற்றொன்று. நாம் பிறந்தது முதல் கேட்டதால் நமக்கு அது பழகிவிட்டது. ஆங்கிலத்துக்கும் அதே பழக்கம்தான் வேண்டும்.

தள்ளி வைத்ததா, ரத்தானதா?

'புட் ஆஃப்' என்றால் தள்ளி வைத்தல். 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்தல். இரண்டிலும் வால் ஒன்றே, பொருள் வேறு. தீபாவளிக்கு இருபது நாள் முன்பு ஐம்பது மூட்டைக் கடலைப் பருப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மில்லிலிருந்து 'ஆர்டர் கால்ட் ஆஃப்' என்று செய்தி வருகிறது. அதைத் தாமதம் என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தால் பண்டிகை போய்விடும். வாடிக்கையாளரும் அடுத்த கடைக்குப் போய்விடுவார். 'டீல் ஃபெல் த்ரூ' என்றாலும் பேச்சு முறிந்துவிட்டது என்றே பொருள். 'பேக் அவுட்' என்றால் பேசிய பேச்சிலிருந்து பின்வாங்குதல். 'ஹெல்ட் அப்' என்றால் மட்டும் சரக்கு வழியில் தடைபட்டு நிற்கிறது, வரும் என்று கொள்ளலாம்.

ரைட் ஆஃப்: எல்லோரும் ஏமாறும் சொல்

'ரைட் ஆஃப்' என்பதைப் பத்திரிகைகளில் பல நேரம் கடன் தள்ளுபடி என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. தள்ளுபடிக்கு ஆங்கிலத்தில் 'வெய்வர்' என்ற தனிச் சொல் இருக்கிறது. 'ரைட் ஆஃப்' என்பது, வராது என்று கருதும் கடனை வங்கி தன் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. கடன்பட்டவரின் பொறுப்பு அதனால் தீர்வதில்லை. வசூல் நடவடிக்கை தொடரும். இதை மத்திய அரசே நாடாளுமன்றத்தில் பலமுறை விளக்கியிருக்கிறது.

நமக்கு இது புதிதல்ல. நீண்ட நாள் வராத பாக்கியைப் பேரேட்டில் வாராக்கடன் என்று நாமும் எழுதுகிறோம். அதற்காக அந்த ஆசாமியைக் கடைத்தெருவில் கண்டால் கேட்காமல் விடுவோமா? வங்கியும் அப்படித்தான். 'உங்கள் கணக்கு ரிட்டன் ஆஃப்' என்று சொன்னால், தொல்லை விட்டது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சிபில் போன்ற கடன் தகவல் அறிக்கையில் அந்தச் சொல் ஏறியிருந்தால் அடுத்த கடன் கிடைப்பதே கடினம். வெய்வரா, ரைட் ஆஃபா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதே முறை.

செட் ஆஃப்: ஒரு சொல், இரு பொருள்

'லாரி செட் ஆஃப் ஆகிவிட்டது' என்றால் லாரி புறப்பட்டுவிட்டது. 'உடைந்த சரக்கின் தொகையை அடுத்த பில்லில் செட் ஆஃப் செய்கிறோம்' என்றால், ரொக்கமாகத் தரமாட்டோம், அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்வோம் என்று பொருள். அடுத்த கொள்முதலே செய்யும் எண்ணம் நமக்கு இல்லை என்றால் அந்த இடத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கில், வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழிப்பதையும் செட் ஆஃப் என்றே சொல்கிறோம். ஆகவே சொல்லை மட்டும் மனப்பாடம் செய்வது போதாது. வாக்கியத்தோடு படிக்க வேண்டும்.

விலை பேசும் சொற்கள்

'நாக் ஆஃப்' என்றால் விலையில் குறைத்தல். 'இரண்டு ரூபாய் நாக் ஆஃப்' என்றால் கிலோவுக்கா, மூட்டைக்கா என்று உடனே கேட்க வேண்டும். 'த்ரோ இன்' என்றால் தூக்கி எறிவது அல்ல. நம் ஊர்க் கொசுறுதான். பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி 'த்ரோ இன்' என்றால் அது இலவசம். 'ரிப் ஆஃப்' என்றால் கொள்ளை விலை. இதை வாடிக்கையாளர் வாயிலிருந்து கேட்காமல் இருப்பதே நமக்கு நல்லது.

'மார்க் டவுன்' என்றால் விலையைக் குறைத்துப் போடுதல். 'மார்க் அப்' என்றால் அடக்க விலையின் மேல் ஏற்றுவது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 100 ரூபாய் அடக்கச் சரக்கை 125-க்கு விற்றால் மார்க் அப் 25 சதவீதம். ஆனால் மார்ஜின் என்பதை விற்பனை விலையின் மீது கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அது 20 சதவீதம்தான். பிரதிநிதி எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதைக் கவனிக்காமல் தலையாட்டினால், நூற்றுக்கு ஐந்து கணக்கில் இடிக்கும்.

மரியாதையும் வேண்டும்

'பே பேக்' என்றால் வாங்கியதைத் திருப்பித் தருவது. 'பே ஆஃப்' என்றால் கடனை முழுதும் தீர்ப்பது. 'பே அப்' என்றால் பாக்கியை எடுத்து வை என்று அதட்டுவது. இருபது வருட வாடிக்கைக்காரருக்கு 'ப்ளீஸ் பே அப்' என்று எழுதினால், ப்ளீஸ் இருந்தும் பயனில்லை, மனம் நோகும். பாக்கியைத் தயவுசெய்து செட்டில் செய்யுங்கள் என்று எழுதுவதே அழகு.

அதேபோல, 'லுக் இன்டு இட்' என்றால் விசாரித்துப் பார்க்கிறேன். 'கெட் பேக் டு யூ' என்றால் பிறகு சொல்கிறேன். இரண்டும் சம்மதம் அல்ல. இவற்றை நம்பிச் சரக்குக்கு இடம் ஒதுக்கிவிடக் கூடாது.

கற்கும் வழி

முதலாவது, வாலை வைத்துப் படியுங்கள். 'அப்' பெரும்பாலும் நிறைவைக் காட்டும்: 'ஸ்டாக் அப்' என்றால் சரக்கை நிரப்பி வைத்தல். 'அவுட்' பல இடங்களில் தீர்ந்துபோவதைக் காட்டும்: 'ரன் அவுட்', 'சோல்ட் அவுட்'. 'ஆஃப்' பல இடங்களில் கழிவதையும் விலகுவதையும் காட்டும். 'பேக்' திரும்புவதைக் காட்டும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் பாதி தூரம் இது கொண்டுபோய் விடும்.

இரண்டாவது, நாளுக்கு ஒரு சொல்லைச் சிட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கடையில் பேசும் ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள். 'இட்' என்ற சொல் வந்தால் அது பல கூட்டுவினைகளில் நடுவில்தான் நிற்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 'பிக் இட் அப்' என்பதே சரி, 'பிக் அப் இட்' தவறு.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் பெரிய சொல்லால் திருப்பிக் கேளுங்கள். புட் ஆஃபும் கால் ஆஃபும் குழப்பினால், 'போஸ்ட்போனா, கேன்சலா?' என்று கேட்டுவிடலாம். பெரிய சொற்கள் நமக்கு முன்பே தெரிந்தவை; அவற்றுக்கு வாலும் இல்லை. நாம் எழுதும் கடிதத்திலும் அவற்றையே எழுதுவோம். பிறகு தேதி என்ன, தொகை என்ன, பொறுப்பு யாருடையது என்ற மூன்றையும் உறுதி செய்துகொள்வோம்.

எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்காத வியாபாரி இல்லை. அந்த முள் சின்னதுதான்; லாபமும் நஷ்டமும் அதில்தான் தெரிகிறது. ஆங்கிலம் கேட்கும்போதும் வாக்கியத்தின் அந்தச் சின்ன முள்ளைப் பார்த்துவிட்டே தலையாட்டுவோம். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். தொலைபேசியை முதலில் எடுப்பது பெரும்பாலும் அவர்கள்தானே!