பயிற்சிச் சுடுதலும் வார்ப்புக் காரீயக் குண்டும்

மனிதன் தொன்றுதொட்டு அறிந்துள்ள உலோகங்களுள் காரீயமும் ஒன்று. தண்ணீரைப்போல் 11.3 மடங்கு கனமுள்ள இது, 327 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். எளிய அச்சிலும் வார்க்கலாம். துப்பாக்கிக் குண்டுக்கு இது நெடுங்காலமாக உகந்த பொருளாக இருந்துவருவதற்கு இக்குணங்களே காரணம். இன்று பெரும்பாலான குண்டுகள் செப்புக் கலவையாலான உறை பூண்டு வருகின்றன. எனினும், இலக்குச் சுடும் விளையாட்டில் உறையற்ற வார்ப்புக் காரீயக் குண்டு தன் இடத்தை இழந்துவிடவில்லை. அதன் மலிவே முதற் காரணம்.

25 மீட்டர் சென்டர்ஃபயர் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒருவர் 60 முறை சுடவேண்டும். 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் நம் நாட்டு வீரர் ஜஸ்பால் ராணா இப்போட்டியில் 600க்கு 590 புள்ளிகள் பெற்றார். இத்தகைய தேர்ச்சிக்கு ஆயிரக்கணக்கான முறை சுட்டுப் பழகவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பயிற்சியாளர் பலர், சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, விலைக்கு வாங்கிய வார்ப்புக் குண்டுகளைக் கொண்டு அவற்றை மீண்டும் நிரப்பிக்கொள்கின்றனர். நம் நாட்டில் தோட்டா தயாரித்தல் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமத்துக்கு உட்பட்டது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இக்குண்டுகளைப் பற்றி இரு கருத்துக்கள் பரவியுள்ளன. குண்டு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்பது ஒன்று. காரீயத்தின் அபாயம் அதனை உருக்கும்போது எழும் ஆவியிலேயே உள்ளது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சரியல்ல என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கலவையின் தன்மை

தூய காரீயம் நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானது. அதன் பிரினெல் கடின எண் சுமார் 5. இதனுடன் ஆன்டிமனி சேர்த்தால் கடினம் கூடுகிறது. வெள்ளீயம் சேர்த்தால், உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை குறைந்து, அச்சின் நுண்ணிய மூலைகளிலும் அது நன்கு நிரம்புகிறது. 92 பங்கு காரீயம், 6 பங்கு ஆன்டிமனி, 2 பங்கு வெள்ளீயம் கொண்ட கலவையின் கடின எண் சுமார் 16. விற்பனைக்கு வரும் குண்டுகளில் இக்கலவை மிகுதியாகப் பயன்படுகிறது. 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் கொண்டது லைனோடைப் இயந்திரத்தின் அச்சு உலோகம். பத்திரிகை அச்சகங்களில் அது வழக்கிலிருந்த காலத்தில் பலரும் அதனை வாங்கிக் குண்டு வார்த்தனர். அதன் கடின எண் சுமார் 22.

மோட்டார் வண்டிச் சக்கரங்களைச் சமநிலைப்படுத்தப் பொருத்தும் சிறு எடைகளும் நெடுங்காலம் மலிவான மூலப்பொருளாக உதவின. இப்போது அவற்றுட் பல துத்தநாகத்தாலும் எஃகாலும் செய்யப்படுகின்றன. துத்தநாகம் 419 டிகிரியில் உருகுவது. காரீயத்தை அதற்குமேற் சூடாக்கினால் துத்தநாகமும் உருகிக் கலந்து, வார்ப்பைக் கெடுத்துவிடும்.

கடினமா, பொருத்தமா?

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுருள் வடிவான பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. குண்டு இவற்றை இறுகப் பற்றிச் சுழன்று வெளியேறவேண்டும். குண்டுக்கும் குழற்சுவருக்கும் இடையே சிறிதளவு சந்து இருப்பினும், வெடிமருந்தின் கொதிக்கும் வாயு அதன் வழியே பீறிட்டுப் பாயும். குண்டின் விளிம்பைத் தேய்த்துக் காரீயத்தைக் குழலின்மேல் அப்பிவிடும். குறி தவறுவதற்கும், சுட்டபின் நெடுநேரம் குழலைச் சுரண்ட நேர்வதற்கும் இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

இதனைத் தடுப்பது, முதலாவதாக, குண்டின் அளவு. வார்ப்புக் குண்டு, குழலின் பள்ள விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.025 மில்லிமீட்டர், பருத்திருப்பது வழக்கம். .38 ஸ்பெஷல் துப்பாக்கியின் பள்ள விட்டம் 0.357 அங்குலமாயின், குண்டு 0.358 அங்குலம் இருக்கவேண்டும்.

இரண்டாவது, அழுத்தத்துக்கேற்ற கடினம். சற்று மென்மையான குண்டின் அடிப்பாகம் வாயுவின் அழுத்தத்தால் விரிந்து சந்தை அடைத்துக்கொள்கிறது. .38 ஸ்பெஷல் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு என வரையறுக்கப்பட்டுள்ளது; இலக்குப் பயிற்சிக்கான தோட்டாவில் அது இன்னும் குறைவாகவே இருக்கும். இக்குறைந்த அழுத்தத்தில் மிகக் கடினமான குண்டு விரிந்துகொடுப்பதில்லை. அளவும் சிறுத்திருந்தால், கடினமே கேடாக முடிகிறது. 9 மில்லிமீட்டர் தோட்டாவின் நிலை வேறு. அதன் உச்ச அழுத்தம் 35,000 பவுண்டு. அங்கே கடினமான கலவை பொருத்தமானதே. விற்பனைக் குண்டுகள் பெரும்பாலும் கடினமாக இருப்பதற்கு, அவை பெட்டியில் குலுங்கி நெடுந்தூரம் சென்றாலும் நசுங்காதிருக்கவேண்டும் என்பதும் ஒரு காரணமாகும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

முதலில் தம் துப்பாக்கியின் பள்ள விட்டத்தை அறிந்துகொள்ளவேண்டும். வாங்கிய குண்டுகளிற் சிலவற்றை மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்கவேண்டும். குண்டின் அடிப்பாகம் கூர்விளிம்புடன், பள்ளமோ பிசிறோ இன்றி, முழுமையாக இருத்தல் இன்றியமையாதது. குண்டின் போக்கை இறுதியாக நிர்ணயிப்பது அதுவே. பத்துக் குண்டுகளை நிறுத்துப் பார்த்தால் எடை சீராக இருக்கிறதா என்பது விளங்கும். பிறவற்றைவிடத் தெளிவாக எடை குறைந்த குண்டினுள் காற்றுக்குமிழி இருக்கக்கூடும். காகித இலக்குக்குத் தட்டைமுனைக் குண்டே ஏற்றது. அது வட்டமான துளையைச் சுத்தமாக வெட்டுவதால் புள்ளிகளைக் கணக்கிடுவதில் ஐயம் எழாது. இவ்வகையில் 148 கிரெயின், அதாவது சுமார் 9.6 கிராம் எடையுள்ளது .38 துப்பாக்கிக்கு வழக்கமானது.

நிரப்பும்போது கூட்டின் வாயைச் சற்றே விரித்துக்கொள்ளாவிட்டால், பித்தளை விளிம்பு மென்மையான குண்டைச் சீவிவிடும். வாங்கும்போது பார்த்த அளவெல்லாம் வீணாகும். வெடிமருந்தின் அளவை, அதே எடையுள்ள காரீயக் குண்டுக்கென வெளியிடப்பட்ட அட்டவணையிலிருந்தே கொள்ளவேண்டும். பயிற்சித் தோட்டாவில் மருந்து கூட்டின் சிறு பகுதியையே நிரப்புவதால், தவறி இருமுறை இட்டாலும் வெளியே வழியாது. அத்தகைய தோட்டா துப்பாக்கியைப் பிளந்து கையையும் கண்ணையும் போக்கிவிடக்கூடும். ஆகையால் குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டினுள்ளும் வெளிச்சத்தில் நோக்குதல் கட்டாயம்.

அபாயம் எங்கே?

காரீயம் கொதிப்பது சுமார் 1,750 டிகிரியில். வார்ப்பவர் பயன்படுத்தும் 350 முதல் 400 டிகிரி உஷ்ணநிலையில் அதன் ஆவி மிகச் சொற்பமே. உண்மையான அபாயம் தூசியில் உள்ளது. உருக்குச் சட்டியின்மேல் படியும் சாம்பல் நிறக் கசடு, பழைய கூடுகளைத் துலக்கும்போது எழும் தூசி, குண்டு தடுப்புச் சுவரில் மோதிச் சிதறும் துகள் ஆகியவை யாவும் காரீயத்தைச் சுமந்தவை. பற்றவைக்கும் மூடிகளில் பெரும்பாலானவற்றில் காரீய ஸ்டிஃப்னேட் என்ற உப்பு உள்ளது. ஆகவே செப்புறைக் குண்டைச் சுடுபவரும் இத்தூசியினின்று முற்றிலும் தப்புவதில்லை. சுவாசத்தின் வழியாகவும் கறைபட்ட விரல்களின் வழியாகவும் அது உடலை அடைகிறது.

இரத்தத்தில் கலந்த காரீயம் பாதியாகக் குறையச் சுமார் ஒரு மாதமாகும். எலும்பிற் படிந்ததோ பல்லாண்டுகள் தங்கும். இரத்த அழுத்தம் உயர்தல், சிறுநீரகமும் நரம்பும் பழுதுறுதல் ஆகியவை இதனால் விளைகின்றன. உண்ணும் காரீயத்தில் வளர்ந்தோரின் குடல் ஏற்பது சிறு பங்கே. குழந்தைகளின் குடலோ பாதியளவுகூட ஏற்றுக்கொள்ளக்கூடும். குழந்தையின் மூளைக்குத் தீங்கற்றது எனச் சொல்லக்கூடிய காரீய அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. தந்தையின் சட்டையிலும் காலணியிலும் ஒட்டிய தூசி வீட்டுத் தரையை அடையுமாயின், அதன் விலையைத் தவழும் குழந்தை செலுத்த நேரிடும்.

தடுக்கும் வழிகள் எளியவை. காரீயத்தைக் கையாளும் இடத்தில் உண்ணலும் புகைத்தலும் ஆகா. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளிர்ந்த நீரிற் கைகளைக் கழுவவேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். அணிந்த உடையைத் தனியே துவைக்கவேண்டும். காற்றோட்டம் நன்கமைந்த இடத்திலேயே சுடவேண்டும். சமையலறைப் பாத்திரத்திலோ அடுப்பிலோ காரீயத்தை ஒருபோதும் உருக்கலாகாது. உருகிய காரீயத்தில் ஒரு துளி நீர் சிக்கினாலும் அது நீராவியாகி உலோகத்தை வாரி இறைக்கும். இடைவிடாது பயில்வோர் ஆண்டுதோறும் இரத்தத்திலுள்ள காரீய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நலம்.

குழலுக்குப் பொருந்திய அளவும் அழுத்தத்துக்கேற்ற கடினமும் அமைந்தால், மலிவான வார்ப்புக் குண்டு பயிற்சிக்குக் குறைவின்றி உதவும். அதனைத் தொட்ட கை கழுவப்படும் வரையில்தான் அதன் மலிவு மெய்யானது.