மழை எப்படி என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்: வெள்ளகோவில் மேட்டாங்காடுகளில் ஒரு சுற்று

கோவை சிங்காநல்லூரிலிருந்து பல்லடம், காங்கேயம் வழியாகக் கரூர், திருச்சி போகும் பஸ்ஸில் ஏறினால் சுமார் 85 கிலோமீட்டரில் வெள்ளகோவில். ரயிலில் வருகிறவர்கள் திருப்பூர், ஈரோடு, கரூர் இவற்றில் ஒன்றில் இறங்கி பஸ் மாற வேண்டும். வெள்ளகோவிலுக்குத் தண்டவாளம் கிடையாது. எப்படி வந்தாலும் ஜன்னலோரமாக உட்காருங்கள். காங்கேயம் தாண்டினால் சாலையின் இருபக்கமும் முள்கிளுவை வேலிகள் தொடங்கும். உள்ளே ஆங்காங்கே ஒரு மரம், காய்ந்த புல், எங்கோ ஒரு மாடு. தரிசு என்று நினைத்துப் போனைக் கையில் எடுத்துவிடாதீர்கள். நீங்கள் பார்க்க வந்ததே அதைத்தான்.

கொறங்காடு என்பார்கள். மழையை மட்டும் நம்பி, மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டு வைத்திருக்கும் சொந்த நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றும் வறட்சிக்கென்றே தேர்ந்தெடுத்தவை. புல் மேலே கருகினாலும் வேர் சாகாது. ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளிலேயே துளிர்த்துவிடும். பச்சை கண்ணில் படாத கோடையில் வெள்வேலங்காய் உதிரும், ஆடுகளுக்கு அதுதான் தீனி. கிளுவையை வெட்டி நட்டால் போதும், யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கொறங்காட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேய விட்டு மற்றதை ஆறப் போடுவார்கள். முதலில் மாடு, அது மேய்ந்து கழித்ததை ஆடு. மழை பெய்த மறுநாளே மாட்டை உள்ளே விடுகிறவரை ஊர் மதிக்காது. புல் தலையெடுக்கும் வரை பொறுக்க வேண்டும்.

இதே கொழுக்கட்டைப்புல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்கும் போயிருக்கிறது. அங்கே மேய்ச்சலுக்கு உதவினாலும், வேலியும் சுழற்சியும் இல்லாத வெட்டவெளியில் கட்டுக்கடங்காமல் பரவி, காட்டுத்தீக்கு எரிபொருளாகி, கடைசியில் தென் ஆஸ்திரேலிய மாநிலம் அதைக் களை என்றே அறிவித்துவிட்டது. புல் ஒன்றுதான். இங்கே அதை ஆள்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

எப்போது வருவது? படம் எடுக்க வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழைதான் இந்த மேட்டாங்காட்டுக்குச் சோறு போடுகிறது. ஆடியில் வந்தால் மழைக்குப் பதில் காற்றுதான் கிடைக்கும். தென்மேற்குப் பருவம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறும் காற்றை இங்கே அனுப்புகிறது. காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை இறக்கைகள் சுற்றுவது அதனால்தான். அந்த மாதங்களில் இருசக்கர வாகனத்தில் சுற்றுகிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், புழுதி தாங்காது. நான் சொல்வதைக் கேட்டால் பங்குனி, சித்திரையிலும் ஒருமுறை வாருங்கள். கொறங்காட்டின் திறமையைக் காய்ந்த மாதத்தில்தான் பார்க்க முடியும். தெளுவும் (பதநீர்) நொங்கும் கிடைப்பதும் அப்போதுதான்.

சித்திரையில் இன்னொரு காரணமும் உண்டு. காங்கேயம் சாலையில் ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோவில் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுத்தாவணி. காங்கேயம் மாடுகளை இத்தனை எண்ணிக்கையில் ஒரே இடத்தில் வேறெங்கும் பார்ப்பது அரிது. மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறத்தைச் சொல்லித்தான் பேச்சு தொடங்கும். கன்று பிறக்கும்போது செம்மையாக இருந்து மாதங்கள் போகப் போக நிறம் மாறும். அதனால் சின்னக் கன்றைப் பார்த்து 'இது வேற ஜாதிங்களா?' என்று கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் உண்டு. அப்போது மட்டும் கேமராவைக் கொண்டு நடுவில் நுழையக் கூடாது. சித்திரையில் வர முடியாதவர்கள் நத்தக்காடையூர் பக்கம் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் மாட்டுச் சந்தைக்குப் போகலாம். இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்குண்டு.

2017 ஜனவரியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடிய அதே மாதம்தான், அதற்குச் சில நாள் முன்பு, தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. முந்தைய வடகிழக்குப் பருவமழை பாதிக்கும் மேல் பொய்த்திருந்தது. காங்கேயம் காளையின் படம் ஊரெல்லாம் பனியனிலும் பதாகையிலும் ஏறிய நேரத்தில், அந்தக் காளைக்குச் சோளத்தட்டு வாங்க முடியாமல் விவசாயி திண்டாடினார். மாட்டுக்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் அந்த வருஷத்தைப் பற்றிக் கேளுங்கள். நானாகச் சொல்வதைவிட அவர் சொல்வது உங்களுக்கு நன்றாகப் புரியும்.

அடுத்தது தண்ணீர். வெள்ளகோவிலுக்குத் தெற்கே உத்தமபாளையம் பக்கம் வட்டமலைக்கரை ஓடை அணை இருக்கிறது. ஓடைக்குக் குறுக்கே கட்டிய இந்த அணை இருபது வருஷத்துக்கு மேல் காய்ந்தே கிடந்தது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேல் வளர்ந்தது. விவசாயிகள் விடாமல் கேட்டதன் பேரில் 2021-இல் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தண்ணீரை வாய்க்கால் வழியாக இதற்குள் விட்டார்கள். கரைமேல் நடந்து பாருங்கள். நீர் இருந்தால் பறவைகள், இல்லாவிட்டால் ஆடுகள். இரண்டும் பார்க்கத்தக்கவைதான்.

அந்த பி.ஏ.பி. திட்டத்தின் கடைமடை இந்தப் பக்கம். மேற்கே ஓட வேண்டிய ஆறுகளை மலைக்குள் குகை குடைந்து கிழக்கே திருப்பி, திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வாய்க்காலில் அனுப்புகிறார்கள். திருமூர்த்தி அணையின் பாசனப் பரப்பு மொத்தம் சுமார் 3.77 லட்சம் ஏக்கர். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போதாது என்பதால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். தன் முறை வந்தும் வெள்ளகோவில் கிளை வாய்க்காலுக்கு உரிய அளவு வந்து சேர்வதில்லை என்பது இங்குள்ளவர்களின் பழைய வழக்கு, அதற்காக உண்ணாவிரதமும் இருந்திருக்கிறார்கள். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் காது கொடுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். மேல்மடைக்காரரின் மைத்துனர் பக்கத்து பெஞ்சில் இருக்கக்கூடும். வடக்கே முத்தூர் பக்கம் போனால் கீழ்பவானி வாய்க்காலின் கடைசிப் பகுதியும் நொய்யல் ஆறும் வரும். நொய்யலில் ஓடுவதைப் பார்த்து ஆசையாக இறங்க வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவால் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையே விவசாயிக்குச் சுமையாகிப்போன கதை அதற்கு உண்டு.

மழை வேண்டாம் என்று சொல்கிற ஆளையும் வெள்ளகோவிலில் சந்திக்கலாம். சாலையோரக் களங்களில் வெள்ளையாகப் பரப்பியிருப்பது தேங்காய்ப் பருப்பு. காங்கேயம் எண்ணெய் மில்களுக்குப் போவது. ஒரு தூறல் விழுந்தால் ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். முருங்கைக்காரருக்கும் பூ வைத்திருக்கும் சமயத்தில் மழை ஆகாது, பூவெல்லாம் கொட்டிப்போகும். ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் கொள்முதல் நடக்கும் இடத்துக்குப் போனால் கட்டுக் கட்டாக லாரி ஏறுவதைப் பார்க்கலாம். காய் குவிகிற மாதங்களில் விலையைக் கேட்காமல் இருப்பது நல்லது.

சில நடைமுறைகள். கொறங்காட்டுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். வேலியோரம் நின்று 'ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?' என்று குரல் கொடுத்தால் மறுப்பவர் அநேகமாக இல்லை. உள்ளே போனால் படலைச் சாத்திவிட்டுப் போங்கள், திரும்பும்போதும் சாத்துங்கள். திறந்து போட்ட படலுக்கு மன்னிப்பு கிடையாது. செருப்புக்குப் பதில் ஷூ போட்டு வாருங்கள், வெள்வேல முள் ரப்பரைத் துளைக்கும். கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் நிறைய உண்டு, புல் மூடிய விளிம்பும் உண்டு. குழந்தைகள் கையை விடாதீர்கள். இருட்டிய பிறகு காட்டு வழியில் வண்டி ஓட்ட வேண்டாம். பேச்சைத் தொடங்க ஒரே கேள்வி போதும்: 'உங்க பக்கம் மழைங்களா?' யார் காட்டில் எத்தனை உழவு மழை, பக்கத்து ஊரில் பெய்து இங்கே பெய்யாமல் போனது எந்தக் கிழமை என்று எல்லாம் வரும். வயதான அம்மாக்கள் கிடைத்தால் மழைச்சோறு எடுத்ததைப் பற்றிக் கேளுங்கள். மழை பொய்த்த வருஷங்களில் வீடு வீடாகச் சோறு வாங்கி, கூடி உண்டு, ஊரைவிட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைத்து வானத்தைக் கரைக்கப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டுக்குக் கொள்ளுப்பருப்பும் பச்சைப்புளி ரசமும் கேட்டுப் பாருங்கள். ஹோட்டலில் கிடைப்பது சந்தேகம், வீட்டில் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். தங்குவதற்கு காங்கேயமோ கரூரோ வசதி. மழை நாளில் மண் பாதையில் காரை இறக்காதீர்கள், தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். மறுநாள் காலையில் வந்தால் அதே காரை ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம், இந்த மண் அவ்வளவு சீக்கிரம் குடித்துவிடும்.